உர மூட்டையும் ஒரு சொட்டு ரத்தமும்

கொழும்புக்கு நான் போனது ஒரே ஒரு சொற்பொழிவுக்காக. பேசி முடித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு, கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மெட்ராஸ் திரும்புவதாக ஏற்பாடு. மலைநாடு என் திட்டத்திலேயே இல்லை. மலை என்றாலே எனக்குத் தலை சுற்றும். ஊட்டிக்கு ஒரு தடவை போய், வழி நெடுக வாந்தி எடுத்து, இறங்கிய கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தவள் நான்.

என்ன பேசினேன் என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மீதிக் கதை ஓடாது. ரத்தம் எப்படி உறைகிறது, ஏன் சிலருக்கு உறைவதில்லை என்பதுதான் என் பிழைப்பு. அந்த அறுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் ஒரு புதுச் சமாசாரம் அடிபட்டுக்கொண்டிருந்தது. சில குழந்தைகளுக்கு ரத்தம் ஒழுங்காகவே உறையும். எந்தச் சோதனை செய்தாலும் சரி என்றே வரும். ஆனால் உறைந்த கட்டிக்கு உறுதி இருக்காது. மறுநாள் தானாகக் கரைந்து, மறுபடி கொட்டும். தொப்புள்கொடி விழுந்த இடத்தில்தான் முதலில் தெரியும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. உறைந்த கட்டியை யூரியாக் கரைசலில் போட வேண்டும். நல்ல கட்டி கல்லுப் பிள்ளையார் மாதிரி கிடக்கும். குறையுள்ள கட்டி சர்க்கரையாகக் கரைந்துவிடும்.

மேடையில் நல்ல கட்டியை மட்டும்தான் என்னால் காட்ட முடிந்தது. கரைகிற கட்டியை நானே அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்கிற நம் ஜனங்களிடம் இது இருந்தே தீரும் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பேராசிரியர் சிரித்தார். வெள்ளைக்காரன் வியாதிக்கெல்லாம் ஆசைப்படாதே அம்மா என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். பெயர் சிற்றம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர், அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்துச்சாலை பார்க்கிறவர். அந்தத் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்து சில நாள்தான் ஆகிறதாம். மருந்து வாங்கக் கொழும்புக்கு வந்தவர் பேப்பரில் என் பேச்சைப் பற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“டொக்டர், நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பிள்ளை என்ர தோட்டத்தில இருக்கு. பொம்பிளைப் பிள்ளை. தொப்புளில ரத்தம் நிக்குது, அடுத்த நாள் திரும்ப வருது. வைட்டமின் ஊசியும் போட்டுப் பாத்திட்டன். பிள்ளை வெளிறிக்கொண்டே போகுது.”

இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்ததெல்லாம் ரத்தம் அடைத்த குழாய்கள்தான், ஆள் வந்ததில்லை. எங்கிருந்தோ ஒரு கண்ணாடிக் குழாய் வரும், நான் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வியாதிக்குப் பெயர் சூட்டுவேன், என் பதில் போய்ச் சேரும்போது அந்த வீட்டில் காரியம் முடிந்திருக்கும். ஒரு தடவைகூட என் விடை நேரத்துக்குப் போனதில்லை. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, எந்த ரயில் என்று சிற்றம்பலத்திடம் கேட்டேன்.

மறுநாள் ரயிலில் என் எதிரே ஒரு சிங்களத்து அம்மாள். சம்பா அரிசிச் சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் வாழையிலையில் கட்டி வைத்திருந்தார். பிரித்தவுடன் பாதியை என் மடியில் வைத்துவிட்டார். நான் மறுத்ததற்கு அவர் ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. சிற்றம்பலம் மொழிபெயர்த்தார்: இவ்வளவு மெலிந்த உடம்பை மலைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடுமாம், சாப்பிட்டுக் கனமாக இருக்கட்டுமாம். என்னைப் பார்த்து மெலிவு என்று சொன்னவர் பூலோகத்திலேயே அவர் ஒருவர்தான். அந்த நன்றிக்காகவே கருவாட்டில் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

வண்டி ஏற ஏறக் குளிர் ஏறியது. சிற்றம்பலம் என் தொழிலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் பெருமை பேச ஆள் கிடைத்தது. ரத்தத்தை உறையவைக்கும் மருந்துக்கு ஆட்டு மூளை வேண்டும். ஆரம்ப காலத்தில் தினமும் காலையில் கறிக்கடைக்கு நானே போய் மூளை வாங்கிவருவேன். அந்தக் கடைக்காரர், டாக்டரம்மாவுக்கு மூளை வறுவல் என்றால் உயிர் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார். எனக்குப் பார்த்த வரன் ஒன்று அதனாலேயே தட்டிப்போயிற்று. போனது நல்லதுக்குத்தான்.

ஹட்டனில் இறங்கும்போது சரியான மழை. என் மரப்பெட்டியைத் தூக்கிய போர்ட்டரின் கை வழுக்கி, பெட்டி பிளாட்பாரத்தில் விழுந்தது. நான் பதறிப்போய்த் திறந்தேன். ஊசிகள் பிழைத்தன, குழாய்கள் பிழைத்தன, யூரியா பாட்டில் மட்டும் சுக்குநூறு. வெள்ளைப் பொடி மழைத் தண்ணீரில் கரைந்து என் கண் முன்னாலேயே தண்டவாளத்துப் பக்கம் ஓடியது. வாயில் வந்தபடியெல்லாம் திட்டித் தீர்த்தேன். “கை வெறச்சிப்போச்சிங்கம்மா” என்று அந்த மனுஷன் கையை நீட்டிக் காட்டினார். விரலெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

எந்த ஒரு சோதனைக்காக வந்தேனோ அதற்கான மருந்து போயிற்று. கொழும்புக்குச் சொல்லி அனுப்பினால் வந்து சேரச் சில நாள் ஆகும். குழந்தை அதுவரை தாங்குமா என்று சிற்றம்பலத்திடம் கேட்டேன். அவர் குடையை விரித்தார்.

அக்கரப்பத்தனைக்கு எங்களைக் கொண்டுபோனவர் காதர் நானா. ஹட்டனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தன் பழைய வேனில் தோட்டம் தோட்டமாகத் துணி கொண்டுபோய் விற்பவர். அங்கே முஸ்லிம் பெரியவர்களை நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அண்ணன் என்று அர்த்தம். சீட்டித் துணிக் கட்டுகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்தார். பாதி ஏற்றத்தில் வேன் இருமி, பெருமூச்சு விட்டு நின்றது. மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் புடவை ஓரம் சிவப்பாவதைப் பார்த்தேன். இரண்டு காலிலும் அட்டை.

பிடுங்கிப் போட்டும் ரத்தம் நிற்கவில்லை. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத சத்து உண்டு என்று மேடை மேடையாகப் பேசியவள், என் கால் ரத்தத்தை நிறுத்த வகை தெரியாமல் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். நானா தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பை எடுத்து நீட்டினார். “இதுக்கும் மெட்ராஸ்ல படிச்சி ஈக்கா டொக்டர்?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

மருந்துச்சாலை வாசலில் எங்களுக்காக ஒரு பெண் காத்திருந்தாள். தலையில் கம்பளி, கையில் துணிச்சுருள், சுருளுக்குள் குழந்தை. கொழுந்துக் கூடையோடு வேறு ஒருத்தியும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். நானா வேனை நிறுத்தி எட்டிப் பார்த்து, “ஆர்ட புள்ள?” என்றார். “எம்புள்ளதாங்க நானா” என்றாள் கையில் வைத்திருந்தவள், வழக்குமன்றத்தில் சாட்சி சொல்கிற மாதிரி உறுதியாக. அவள் பெயர் மாரியாயி. கூடைக்காரி தலையைக் குனிந்துகொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் நடந்தாள்.

குழந்தையைப் பார்த்தேன். தொப்புளில் ரத்தம் காய்ந்த துணி. உதட்டைப் பிதுக்கினால் உள்ளே வெள்ளை. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. அன்றைக்கு ரத்தம் நின்றிருந்தது. நாளைக்கோ மறுநாளோ மறுபடி வரும் என்றார் சிற்றம்பலம். அவர் வீட்டில்தான் எனக்குத் தங்கல். அவர் மனைவி ஆவி பறக்கும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் இறங்கியது, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். புட்டு என்றால் அது புட்டு, நம் ஊரில் பண்ணுவது வேறு ஏதோ.

காலையில் மாரியாயியை உட்காரவைத்துக் குடும்பக் கதையைக் கேட்டேன். என் துறையில் ரத்தத்தைவிட இந்தக் கதைதான் முக்கியம். இது பெற்றோர் இரண்டு பேரிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் பிள்ளைக்கு வருகிற குறை; மற்ற ரத்தக் குறைகள் மாதிரி ஆண்பிள்ளையோடு நிற்காது, பெண்ணுக்கும் வரும். சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்திருக்க வேண்டும், முன்பே ஒன்றிரண்டு பிள்ளைகள் தவறியிருக்க வேண்டும். மாரியாயி சொன்னதோ எல்லாம் தலைகீழ். புருஷன் மஸ்கெலியாப் பக்கம், துளி சொந்தம் கிடையாது. முன்னால் பிறந்த மூன்றும் திமுதிமுவென்று எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் முழங்காலில் பெரிய காயம், பக்கு கட்டி அழகாக ஆறியிருந்தது. தொப்புளில் யாருக்காவது ரத்தம் வந்ததா என்றால், ஒருத்தருக்கும் இல்லை.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, ஊசி குத்திய இடத்தை நானே வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஒழுங்காக உறைந்தது. தொப்புளில் சாதாரணப் புண்ணாக இருக்கும், நான்தான் ஆசைப்பட்டு வெள்ளைக்காரன் வியாதியைத் தேடிக்கொண்டு வந்துவிட்டேன் என்று தோன்றியது. பேராசிரியரின் சிரிப்பு காதில் கேட்டது. தேத்தண்ணி குடித்துவிட்டு வெளியே நடந்தேன். கறுப்புச் சாயத்தைக் குடித்துக்கொண்டு உள்ளங்கையில் இருக்கிற சீனியை நக்குவது அங்கே வழக்கம். கொழுந்து பறிக்கிற ஊரிலேயே பறிக்கிறவர்களுக்குக் கிடைப்பது கழிவுத் தூள். அதைக் குடித்த வாய்க்குக் காப்பி ஞாபகம் வந்து என் கோபம் இன்னும் ஏறியது.

அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன். முதுகில் தகர டப்பா மாட்டிய நாலைந்து ஆண்கள் செடி மேல் தண்ணீர் மாதிரி எதையோ பீய்ச்சிக்கொண்டு போனார்கள். பூச்சிமருந்தா என்று ஒப்புக்குக் கேட்டேன்.

“இல்லீங்கம்மா, உரம். எலைக்கே அடிக்கிறது. யூரியான்னு பேரு. தொரை புதுசா வரவச்சிருக்காரு.”

அந்த இடத்தில் நான் போட்ட கூச்சலில் இரண்டு பேர் டப்பாவோடு திரும்பிப் பார்த்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உர ஸ்டோருக்கு ஓடினேன். அங்கே வேலையை மேற்பார்க்கிறவரைக் கண்டாக்கு என்பார்கள். கண்டாக்கையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டருக்கு உரம் எதற்கு என்றார். ரத்தத்துக்கு என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே நான் சொன்னது தப்பு என்று புரிந்தது. ஆனாலும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மருந்துச்சாலையில் அதைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். தம்ளர் சில்லென்று ஆயிற்று. யூரியாவின் குணம் அது, கரையும்போது குளிரும். எனக்கு அந்தத் தம்ளரை முத்தமிடலாம் போல இருந்தது.

அரை மணியில் சேதி லயம் முழுக்கப் பரவிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த டாக்டரம்மா பிள்ளைக்கு உரம் போடப்போகிறாளாம். செடிக்குப் போடுகிறதைப் பிள்ளைக்குப் போட்டால் பிள்ளை என்னத்துக்கு ஆகும்? வாசலில் கூட்டம். மாரியாயி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். முந்தின நாள் பார்த்த கூடைக்காரி. மலையிலிருந்து நேராக ஓடிவந்திருக்கிறாள், இடுப்பில் கட்டிய சாக்குகூட அவிழ்க்கவில்லை.

“புள்ளைய என்னா பண்ணப் போறீங்க?” என்றாள். மூச்சு வாங்கியது.

உனக்கென்ன அதில் என்று கேட்டேன். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம். அவள் மாரியாயியைப் பார்த்தாள், மாரியாயி கூரையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது. ஈனக் குரலில்தான் அழுதது. வாசலில் நின்றவளின் ரவிக்கை முன்பக்கம் இரண்டு இடத்தில் மெல்ல நனைந்தது. அவள் சட்டென்று கம்பளியை இழுத்து மூடினாள்.

குழந்தை அழுதால் பெற்றவளுக்குத்தான் பால் அப்படிச் சுரக்கும். இதைக் கண்டுபிடிக்க மெடிக்கல் காலேஜ் வேண்டாம். எனக்கு மண்டையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது.

கூட்டத்தை அனுப்பிவிட்டு, அந்த இரண்டு பேரையும் உள்ளே உட்காரவைத்து, இந்தப் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினாயா என்று மாரியாயியிடம் கேட்டேன். அவள் அசந்துபோனாள். சிற்றம்பலம் என்னைத்தான் திருதிருவென்று பார்த்தார், அவர் ஊரில் இந்த வழக்கம் இல்லையாம். எங்கள் திருச்சிப் பக்கத்தில் உண்டு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போனால், அடுத்து வருகிற பிள்ளையைக் குப்பையில் கிடத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். அதோடு அது அவள் பிள்ளை. பெற்றவள் பால் கொடுக்கலாம், என் பிள்ளை என்று மட்டும் வாயால் சொல்லக்கூடாது. முன்னால் வந்து பிள்ளைகளைக் கொண்டுபோன எமன் ஏமாந்து திரும்ப வேண்டுமே. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தவிட்டம்மாளை எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கடல் தாண்டி, இத்தனை தலைமுறை தாண்டி, தவிடு இங்கேயும் வந்திருக்கிறது. நான் கேட்டபோதெல்லாம் மாரியாயி பொய் சொல்லவில்லை. தன் குடும்பத்தை ஒளிக்காமல் சொன்னாள். நான்தான் தப்பான வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெற்றவள் பெயர் செல்லாயி. அவள் வாயைத் திறக்க வேண்டுமே. திறந்தால் பிள்ளை தன்னுடையது என்று ஆகிவிடும். அதற்கு அவள் செத்தாலும் சம்மதிக்க மாட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் விடுவதாக இல்லை. “சரி, உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்த ஒரு பொம்பளை இருப்பாள் இல்லையா, அவளுக்கு முன்னால் பிள்ளைகள் தவறியிருக்கிறதா?” என்றேன்.

செல்லாயி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“அந்தப் பொம்பளைக்கி மொத ரெண்டும் தங்கலீங்க. ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க.”

“எப்படிப் போனார்கள்?”

“தொப்புள்லதாங்க. நிக்கும். நின்னுருச்சின்னு அவ மஞ்சத்தண்ணி காட்டி சாமி கும்புட்டுட்டு வருவா. வந்து பாத்தா துணியெல்லாம் நனஞ்சிருக்கும்.”

“அவள் புருஷன் அவளுக்கு என்ன வேணும்?”

“தாய்மாமனுங்க. அம்மாவோட கடசித் தம்பி.”

சொல்லச் சொல்ல அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வடிந்தது. துடைக்கக்கூட இல்லை, துடைத்தால் அது தன் அழுகை ஆகிவிடுமே. மாரியாயிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள். அதே நேரம் என் நெஞ்சு துள்ளியதையும் மறைக்காமல் சொல்கிறேன். தாய்மாமன், தவறிய இரண்டு பிள்ளைகள், பெண் குழந்தை, நின்று நின்று வருகிற ரத்தம். இதழ்களில் படித்தது அத்தனையும் ஒரு சாக்குக் கட்டிய பெண்ணின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

காலையில் உறையாமலிருக்க மருந்து கலந்து எடுத்துவைத்த ரத்தம் தெளிந்திருந்தது. மேலே நின்ற மஞ்சள் நீரை எடுத்து உறையவைத்தேன். சிற்றம்பலத்தின் ரத்தத்திலும் மாரியாயியின் ரத்தத்திலும் அதேபோல் செய்தேன். மூன்றும் நுங்கு மாதிரி அழகாக உறைந்தன, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்றையும் உரத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். சிற்றம்பலத்தின் மனைவி தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாய்களைப் பார்த்தேன். இரண்டில் கட்டி அப்படியே கிடந்தது. மூன்றாவதில் ஓரம் கலங்கி, மெலிந்து, பிசிறாகி, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ஆட்டிப் பார்த்தேன், வெறும் தண்ணீர். அது குழந்தையுடையது.

“கரைஞ்சிட்டுது டொக்டர்” என்றார் சிற்றம்பலம். நான் ரொட்டி ஒட்டிய கையோடு அவர் தோளில் ஓங்கி ஓர் அறை விட்டேன். மனுஷன் இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

இன்னும் ஒன்று பாக்கி. குழந்தையின் மஞ்சள் நீரில் மாரியாயியுடையதை ஒரு சொட்டு விட்டு உறையவைத்து, அதையும் உரத் தண்ணீரில் போட்டேன். சாயங்காலம்வரை பார்த்தோம், அது கரையவே இல்லை. ஒரு சொட்டு போதும். இந்தக் குறைக்கு வைத்தியம் அவ்வளவு எளிது. வேறு ஒருவர் ரத்தத்தின் மஞ்சள் தெளிவைக் கொஞ்சம் ஏற்றினால் வாரக்கணக்கில் தாங்கும்.

இரண்டு பெண்களுக்கும் புரிகிற மாதிரி சொன்னேன். வேலிக்குக் கம்பு நட்டாயிற்று, கயிறு கட்டவில்லை. பார்த்தால் வேலிதான், ஆடு முட்டினால் சாய்ந்துவிடும். பிள்ளைக்கு இல்லாதது அந்தக் கயிறு. கொஞ்சம் கயிற்றைக் கடன் வாங்கிக் கட்டப்போகிறோம், உரத்தைப் பிள்ளை பக்கமே கொண்டுபோகப்போவதில்லை. செல்லாயி சட்டென்று தன் கையை நீட்டினாள். உன்னிடம் இருப்பதே பாதிக் கயிறு, முழுசாக இருக்கிறவள் வேண்டும் என்றேன். மாரியாயி ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். “வாங்குனவ நாந்தானே, எங்கிட்ட எடுங்க” என்றாள். அவள் ரத்தத் தெளிவையும் குழந்தையின் ரத்தத்தையும் கண்ணாடியில் கலந்து பார்த்தேன். திரளவில்லை, இரண்டும் ஒத்துப்போயிற்று.

அவள் ரத்தத்தை எடுத்து, தெளிவதற்காகப் பாட்டிலில் வைத்துவிட்டுத் தூங்கப்போனோம். அக்கரப்பத்தனைக் குளிரே ஐஸ்பெட்டி. காலையில் செல்லாயி பிள்ளையோடு வந்து நின்றாள். தொப்புளில் மறுபடி ரத்தம். கையில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், விரலிடுக்கில் சிவப்பு. குழந்தையின் தலையில் மயிரிழை போல ஒரு நரம்பு கிடைத்தது. முதல் குத்து தவறியது. இரண்டாவதில் ஏறிவிட்டது. மாரியாயியின் தெளிவு முழுதும் இறங்கும்வரை ஊசியை அசையாமல் பிடித்திருந்தேன்.

அன்றைக்கே ரத்தம் நின்றது. ஆனால் நிற்பது யாருக்கும் சமாதானம் தரவில்லை, முன்பும்தானே நின்றது. மறுநாள் விடிந்ததும் லயத்துக்கு நானே போனேன். காம்பிரா என்கிற எட்டடி அறை, அடுப்புப் புகை, மூலையில் சாமி படம். துணியை அவிழ்த்தேன். காய்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாளும் காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் பக்கு உதிர்ந்து கீழே புதுத் தோல் தெரிந்தது. குழந்தைக்கு அழக் குரல் வந்திருந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ பேர் எனக்குக் கைதட்டியிருக்கிறார்கள், அந்தப் பிள்ளை வீறிட்டுக் கத்தியது மாதிரி எதுவும் எனக்கு இனித்ததில்லை. லயத்து வாசலில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து, டாக்டரம்மாவுக்குக் குளிர் தலைக்கேறிவிட்டது என்று ஒரு கிழவர் சொன்னாராம்.

மாதம் ஒரு முறை மாரியாயியின் ரத்தத் தெளிவை ஏற்றச் சிற்றம்பலத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். தெளிவைப் பிரித்தெடுப்பதை ஒரு முறை செய்துகாட்டினேன், அடுத்ததை அவர் என்னைவிட நேர்த்தியாகச் செய்தார். கரைந்த குழாயை மட்டும் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பேராசிரியர் மேசையில் வைக்க.

கிளம்புகிற காலை பெரட்டுக்களத்தில் எல்லோரும் வேலைக்குக் கூடியிருந்தார்கள். காதர் நானாவின் வேன் இருமிக்கொண்டு வந்து நின்றது. எனக்கு ஒரு சாக்குத் தேயிலை, இரண்டு பூசணிக்காய், சிற்றம்பலத்தின் மனைவி கட்டிய புட்டுப் பொட்டலம். இடமில்லாமல் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாரியாயி குழந்தையோடு வந்தாள். பக்கத்தில் செல்லாயி, கூடையோடு. நானா ஜன்னல் வழியாக எட்டி, குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

“நல்லாத் தேறிட்டே. ஆர்ட புள்ள இது?”

பழக்கத்தில் மாரியாயி வாயைத் திறந்தாள். செல்லாயி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். மாரியாயி கையிலிருந்து பிள்ளையை வாங்கி, களத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மார்போடு தூக்கிப் பிடித்தாள்.

“எம்புள்ளைங்க” என்றாள். குரல் உடைந்தது. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். “எம்புள்ள.”

யாரோ ஒரு பெண் குலவை போட ஆரம்பித்து, வேண்டுமா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தினாள். மாரியாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு செல்லாயியை முறைத்தாள்.

“அப்ப எந் தவிட்டத் திருப்பிக் குடுடி.”

“தவிடு என்னாக்கா, அரிசியாவே தாரேன்” என்றாள் செல்லாயி. அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு குலவை நிற்கவே இல்லை. கண்டாக்கையா ஏதோ கத்திப் பார்த்தார், யார் காதிலும் விழவில்லை. வேன் இறக்கத்தில் திரும்பும்வரை பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை இறங்கியும் எனக்குத் தலை சுற்றவில்லை.